உம்மாவுக்காகப் பூட்டிய கடை

எனக்கு எழுத்து அவ்வளவு வராது, மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்காகப் போட்ட ஊரடங்கை எடுத்த முதல் நாள், கொழும்பு கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு கடைக்காரர் நின்றார். அவருக்கு முன்னால் அவரைத் தெரிந்த ஒரு பெண், மாஸ்க்கை நாடியில் விட்டுக்கொண்டு நின்றாள்.

“என்ன நானா, ஊரே தொறந்தாச்சு, நீங்க மட்டும் கடைய பூட்டிக்கிட்டு இருக்கீங்க? வீட்டுச் சோறு ருசி புடிச்சிருச்சா?”

“அவசரப்பட்டுத் தொறந்துட்டாங்க தங்கச்சி. எங்கட உம்மாக்கு எண்பது வயசு, நெஞ்சு வருத்தம். கடைக்கு வாறவங்கட நோயக் கொண்டுபோய் அவங்களுக்குக் குடுக்க ஏலா.”

“சாவு வர்றப்ப வரும் நானா. அதுக்குப் பயந்தா முடியுமா?”

“மௌத்துக்குப் பயமில்ல. இந்த நோயில மௌத்தானா எங்கட ஆக்களையும் எரிக்கிறாங்களே! ரோட்டத் தொறந்தவங்க அடக்குற மையவாடியத் தொறக்கல்லியே. வாப்பாட பக்கத்துலதானே என்னைய அடக்குவீங்கன்னு உம்மா ஒவ்வொரு நாளும் கேக்குறாங்க. ஓம் உம்மான்னுதான் சொல்றன்.”

அந்தப் பெண் மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

“நீங்க முதல்ல வாங்கிட்டுப் போங்க நானா.”

அந்த நோயில் இறந்தவர்களை மண்ணில் அடக்க எத்தனையோ மாதம் கழித்துத்தான் விட்டார்கள். எந்த மாதம் என்று எனக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த அம்மா அதுவரை இருந்தாரா என்பதையும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.