ஓடினால் குளிர், நின்றால் அனல்

– அதான் சொல்றேன் மொதலாளி, வண்டி ஓடிக்கினே இருந்தா ஏசி ஜில்லுனு கீது. நின்னா போச்சு, அடுப்பாண்ட ஒக்காந்த மாரி அனலு. முன்னாடி ஃபேனு செத்துட்டுச்சு. ஓடுற காத்து வந்து மோதுனாத்தான் கூலிங்கு.

– ஏல ஹுமாயூனு, நீ மெக்கானிக்கா, பிரசங்கியாரா? ஃபேன மாத்துலேன்னா வியாக்கியானம் பேசுத.

– பழைய மாடலு மொதலாளி. புதுப்பேட்டை ஸ்பேர் கடைங்க ஃபுல்லா அலசிட்டேன், மாட்டல. ரெண்டு நாளு டைம் குடு.

– ரெண்டு நாளா? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள விக்கலேன்னா வண்டிய அவ தம்பி ஜெபினுக்குச் சும்மா குடுத்துருவேன்னு என் பொண்டாட்டி ஷெர்லின் சொல்லிட்டா. சொன்னா செய்வா. அரிசி மண்டில நான் மூட்டை தூக்கி வாங்குன வண்டிடே இது! அதுல அந்தப் பய கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு என் கடை வாசல்ல வந்து ஹாரன் அடிப்பான். அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?

– அப்ப ஒரே வழிதான். பாக்க வர்ற பார்ட்டிய ஏத்திக்கோ, எங்கயும் நிக்காத. பிரேக்குன்னு ஒண்ணு கீதுன்றதையே மறந்துடு. அதோ, வந்துகினு கீறாங்க பாரு, ரெண்டு மூட்டையோட.

– வாங்கம்மா, வாங்க. நான்தான் எபினேசர். போன்ல பேசுனது நீங்கதான?

– ஆமா சார், சாபிரா. வூடு வூடா போயி பொடவ விக்கிறவ. இங்க வண்ணாரப்பேட்டையில சரக்கு எடுத்துகினு நேரா வர்றேன். இந்த மூட்டைங்கள டிக்கில வெக்கலாமா? லோடு வெச்சா வண்டி இழுக்குதான்னு பாக்கணும்ல. சொம்மாதான் கேக்குறேன்.

– தாராளமா வைங்க! ஏல ஹுமாயூனு, தூக்கி வையி. ஏறுங்கம்மா, ஏறுங்க, சீக்கிரம்.

– இன்னா சார், கதவ சாத்துறதுக்குள்ள கெளப்பிட்டீங்க?

– வண்டிக்குச் சுறுசுறுப்பு ஜாஸ்தி, பாத்துக்கிடுங்க. கண்ணாடிய ஏத்துங்க. ஏசி எப்படி அடிக்கு?

– யப்பா! வேர்வையெல்லாம் காஞ்சிடுச்சு சார். எந்தப் பக்கம் போறோம்?

– எக்ஸ்பிரஸ் ரோட்டுல கடலோரமா ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டுதேன்.

– அங்கயா? ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரிங்க எண்ணூர் வரைக்கும் வரிசையா நிக்குது சார். போய் மாட்டுனா நவுற முடியாது.

– ஏ ஆண்டவரே, நிக்குதா? அப்பம் அந்தப் பக்கமே வேண்டாம்.

– கொருக்குப்பேட்டை வழியா மணலி ரோட்ட புடிங்க. இந்நேரம் காலியா இருக்கும். அப்டியே மாத்தூர் வரைக்கும் பறக்கலாம்.

– நல்ல யோசனை! வண்டி ஓட்டிப் பாக்க எந்த ரோடு தோதுன்னு உங்களுக்குத் தெரியுது, பாத்துக்கிடுங்க.

– சார், செவப்பு சிக்னலு!

– பாத்துட்டேன். அதான் லெஃப்ட்ல திரும்புதேன்.

– இந்தத் தெரு எங்க போவுது?

– சுத்தி அங்கனயே வந்து சேரும். வண்டி எம்புட்டு லேசாத் திரும்புதுன்னு நீங்க பாக்காண்டாமா?

– பாத்தாச்சு சார். அந்த இஸ்திரிக் கடைக்காரரு மறுபடியும் நம்மளப் பாத்து சிரிக்கிறாரு.

– இன்னொரு சுத்து. அதுக்குள்ள பச்சை விழுந்துரும்.

– எதுக்க மேளம் அடிக்கிறாங்க சார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு சாவு எடுத்துகினு வர்றாங்க. ஓரங்கட்டி நில்லுங்க, அதான் மொற.

– துக்கம் மனசுல இருந்தாப் போதும்மா, வண்டி எதுக்கு நிக்கணும்? இந்தச் சந்து வழியா போயிக்கிட்டே துக்கப்படுவோம்.

– தொண்ட காயுது. ஒரு டீ அடிச்சுட்டுப் போலாமா?

– வெயில்ல டீ குடிச்சா உடம்புக்குச் சூடு. பின் சீட்டுல தண்ணி பாட்டில் கெடக்கு, எடுத்துக்கிடுங்க.

– அப்ப ரோஸ் மில்க்கு? அதோ கடை.

– ஐயையோ, அங்க ஐஸு சுத்தமில்ல.

– சரி, எங்க பெரியம்மா நிக்கிறாங்க சார் அந்த பஸ் ஸ்டாப்புல. ஒரே நிமிசம் நிறுத்துனா சலாம் சொல்லிட்டு வந்துடுவேன்.

– உள்ள இருந்தே கைய ஆட்டுங்கம்மா. பாத்தியளா, அவங்களும் ஆட்டுதாங்க!

– அது எங்க பெரியம்மா இல்ல சார். சொம்மாதான் சொன்னேன். யாருன்னே தெரியல, பாவம், நல்லா ஆட்டுது.

– வெளையாட்டு புத்திம்மா உங்களுக்கு.

– ஐயோ, ரயில்வே கேட்டுல மணி அடிக்கிறான்! எறக்கப் போறான் சார்!

– புடிச்சுக்கிடுங்க!

– யா அல்லா!

– தாண்டியாச்சு! பிக்கப்பப் பாத்தியளா?

– என் உசுரு கேட்டுக்கு அந்தாண்டையே நின்னுடுச்சு சார். நின்னுதான் போனா இன்னா ஆவும்?

– நின்னா... நின்னா எஞ்சின் மனசொடிஞ்சு போயிரும்மா. ஓடியே பழகுன வண்டி.

– ஓஹோ.

– இப்பம் ஆளில்லாத ரோடு, என்னா சொகமாப் போகுது பாத்தியளா? சொல்லுங்க, வண்டி புடிச்சிருக்கா?

– ரொம்ப புடிச்சிருக்கு சார். இவ்ளோ சொகமா நான் எந்த வண்டிலயும் வந்ததே இல்ல.

– ஸ்தோத்திரம்! ஏல ஜெபினு, கெட்டதுடே உன் பொழப்பு!

– யாரு சார் ஜெபினு?

– என் பொண்டாட்டிக்குத் தம்பி. சாயங்காலத்துக்குள்ள விக்கலேன்னா வண்டி அவனுக்குன்னு வீட்டுல தீர்ப்பு சொல்லியாச்சு. நீங்கதான்மா என்னையக் காப்பாத்த வந்தீங்க.

– அச்சச்சோ. சார், மாத்தூர் வந்துடுச்சு. அந்தப் பச்ச கேட்டு வூட்டாண்ட நிறுத்துங்க.

– நிக்கணுமா? எதுக்கு?

– எங்க வூடு சார். நிறுத்தாம எப்டி முடிக்கிறது?

– முடிக்கதுக்குன்னா சரி, நிறுத்துதேன். சட்டுனு எறங்கிருங்க.

– இருங்க, இருங்க. ஆங், வந்துடுச்சு பாருங்க அனலு.

– அது... வெளிய அடிக்க வெயிலும்மா...

– வுடுங்க சார். ஓடுனா ஜில்லு, நின்னா சூடு. ரெண்டாந்தபா அந்தத் தெருவச் சுத்துனப்பவே புரிஞ்சுடுச்சு.

– தெரிஞ்சுமா புடிச்சிருக்குன்னு சொன்னீங்க? அப்பம் இப்படியே வாங்கிக்கிடுவியளா?

– ஷேர் ஆட்டோக்காரன் மூட்டையப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவான் சார். ஏத்துனாலும் ஆளு சேக்க எடத்துக்கு எடம் நிப்பான். நீங்க ஏசிய போட்டு வூட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிட்டீங்க. நடுவுல ஒரு டீக்குக்கூட நிக்கல.

– அம்மா, நீங்க வண்டி வாங்க வரலையா?

– எனக்கு ஓட்டவே தெரியாது சார். டிக்கியத் தொறங்க, அந்தப் பெரிய மூட்டைய மட்டும் ஒரு கை புடிங்க.

– அடப்பாவி மக்கா! ஷெர்லினுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?

– கவலப்படாதீங்க சார். வண்டி மச்சானுக்கே போனாலும் அவரு நம்பர எனக்கு அனுப்பி வுடுங்க, நாளைக்கு எங்க நாத்தனாரு மீஞ்சூர் வரைக்கும் ஓட்டிப் பாக்கணுமாம்.