சட்டைப்பை டார்ச்சும் மச்சினன் கண்ணும்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது எல்லோரும் வாயைத் திறக்கிறார்களே, கவனித்திருக்கிறீர்களா டாக்டரம்மா? நானும் அப்படித்தான். எவ்வளவு அடக்கினாலும் திறந்துகொள்கிறது.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. வெளியே பெஞ்சில் இருப்பவன் என் மச்சினன். பேருந்து ஓட்டுநர் வேலைக்கான கண் பரிசோதனையில் காலையில் நீங்கள் தகுதியில்லை என்று சொன்னீர்களே, அவன்தான். சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னதற்கு ‘எந்தச் சுவரு?’ என்று கேட்டவன். ஆணியில் தொங்கிய உங்கள் வெள்ளைக் கோட்டுக்கு வணக்கம் சொன்னவன். மரியாதை தெரிந்த பிள்ளை. அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை என்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

என் மனைவி வேலை முடிந்து வரும் வழியில், வண்டிகள் நிறுத்தும் கீழ்த்தளம் ஒன்று உண்டு. அங்கே பாதி விளக்கு எரியாது. தினமும் கூடவே வைத்துக்கொள்ளவும், எவனாவது வம்பு செய்தால் அவன் கண்ணைக் கூசவைத்துவிட்டு ஓடிவரவும் அவளுக்கு ஒரு டார்ச் வாங்கினேன். சுண்டுவிரல் அளவுதான். சட்டைப்பையில் பேனா மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்து பார்த்தேன், உறுத்தவில்லை. மறந்துபோய்ச் சட்டையோடு துவைத்தும் விட்டேன், அப்போதும் எரிந்தது.

ஆளைத் தடுக்குமா என்பதுதான் பாக்கி. நான் சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். எந்தப் பெட்டியைப் பிரிக்கப்போகிறோம் என்று நாங்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் நல்ல கட்டிகளாகப் பார்த்து மேலே அடுக்கிவிடுவார்கள். அதனால் இதிலும் யாரிடமும் சொல்லவில்லை.

சோதிக்க ஒரு கெட்டவன் வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பு முழுக்கத் தேடினேன். மனிதர்களிடம் நல்லதை மட்டுமே பார்க்கிற பழக்கம் எனக்கு, ஒருவரும் தேறவில்லை. வேறு வழியில்லாமல் நல்லவர்களை வைத்துச் சமாளித்தேன்.

முதலில் மேல்வீட்டு வயலின் வாத்தியார். படிக்கட்டுத் திருப்பத்தில், முகத்துக்கு நேரே. தூணில் முட்டி, அதனிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்து லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் வெகுநேரம் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவருக்காகவும் முன்னதாகவே பிரார்த்தனை செய்துவிடுவேன். பிறகு கைபிடித்து வாசல்வரை கொண்டுபோய் விடுவேன். “நல்லவேளை சார், நீங்க பக்கத்துல இருந்தீங்க” என்று வாத்தியார் கண் கலங்கினார். அது ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது.

மனைவியிடமும் பார்த்தேன். வீட்டு ஆள் என்று சலுகை காட்டக்கூடாதல்லவா. கீழ்த்தளத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே கைப்பையைச் சுழற்றினாள். நான் தரையில் கிடந்தேன்.

“நீங்களா? அறிவிருக்கா உங்களுக்கு? எவனோன்னு நெனச்சு மண்டையப் பொளந்திருப்பேனே.”

“டார்ச் எப்படிம்மா இருந்துச்சு?”

“அத நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு என் பை போதும்.”

அவளுக்கு டார்ச் தேவையில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் பகல் வெளிச்சத்தில் இன்னும் பார்க்கவில்லை. தொட்ட வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பாவம் செய்கிற மாதிரி.

இன்று காலை மச்சினன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, “ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா” என்று குனிந்தான். இந்த வேலைக்காக ஏங்கிக் கிடந்தவன். தலையில் கை வைத்து மனதார வேண்டிக்கொண்டேன். நிமிர்ந்தான். ஜன்னலில் நல்ல வெயில். கை தவறி அழுத்திவிட்டேன் என்றால் நம்புவீர்கள். நான் பொய் சொல்வதில்லை. தெரிந்தேதான் அழுத்தினேன். இரண்டு தடவை. முதல் தடவை அவன் முகத்தைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

“என்ன மாமா, எல்லாம் பச்சைப் பச்சையாத் தெரியுது?”

“மங்களமான நிறம்டா. நட.”

உங்கள் மருத்துவமனை எங்கள் குடியிருப்புக்கு எதிர்ப்பக்கம்தானே, சாலையைக் கடக்க நானே கைகொடுத்தேன். வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தான்.

இப்போது அவனுக்குத் தெளிந்துவிட்டது. மறுபரிசோதனை அடுத்த வருஷம்தான், நான் சொல்வது நிஜமென்று தெரிந்தால் மட்டும் சான்றிதழைத் திருத்தலாம் என்கிறீர்கள். சரி. ஆனால், “இத்தனூண்டு டார்ச்சாலயா? கதை விடாதீங்க” என்று சிரிக்கிறீர்கள். சந்தேகப்படுவது நியாயம்தான். கொஞ்சம் இப்படிப் பாருங்கள்.

நம்பிக்கை வந்துவிட்டதல்லவா? அசையாதீர்கள் டாக்டரம்மா, இடது பக்கம் மேஜை முனை இருக்கிறது. அடுத்தவரைக் கஷ்டப்படுத்திக் காரியம் சாதிக்கிற ஆள் இல்லை நான். இந்தாருங்கள் பேனா. கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கு நானே உங்கள் விரலைப் பிடித்துக் கொண்டுபோகிறேன்.