லாசர் அண்ணன் கேட்ட லீவு

காளை: வாடிப்பட்டியில காதுகுத்தா? யாருக்குண்ணே?

லாசர்: மச்சினி மகளுக்குத்தான். நாளைக்குக் காலையிலயே போகணும். நீ பட்டறையில லீவு சொல்லிரு.

காளை: அந்தப் புள்ளைக்குத்தான் தையிலயே குத்தியாச்சே! கறிச்சோறு நான் ரெண்டு பந்தியில உக்காந்து தின்னேன். எனக்கே காது குத்துறீகளாண்ணே?

லாசர்: அது... மூத்தவளுக்குடா. இது எளையவளுக்கு.

காளை: எளையது பையன்.

லாசர்: பையனுக்கும் குத்துவோம்டா, ஒனக்கென்ன? டீயக் குடி, ஆறுது.

காளை: நாளைக்குப் பட்டறைக்கு டாக்டர் வாராக. எல்லாருக்கும் காது டெஸ்ட்டு. அதுக்குப் பயந்துதான ஓடுறீக?

லாசர்: பயமா? எனக்கா? காலம்பூரா பஸ்ஸுக்குத் தகரம் அடிச்சவன்டா. ஊசிக்கெல்லாம் பயப்படுற ஆளா நானு?

காளை: ஊசியெல்லாம் இல்ல. காதுல ஒண்ணை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டாக் கையத் தூக்கச் சொல்வாக. அம்புட்டுத்தான்.

லாசர்: ...அம்புட்டுத்தானா.

காளை: ஏண்ணே, மூஞ்சி தொங்கிப் போச்சு?

லாசர்: எல்லாம் இசைவாணி மேடம் பண்றது. மேனேஜரா வந்ததுல இருந்து ஏதாச்சும் ஒண்ணக் கெளப்பிக்கிட்டே இருக்காக.

காளை: மேடத்தக் குத்தம் சொல்றீகளா?

லாசர்: சேச்சே! சொன்னா நாக்கு அழுகிரும். அவுக வந்த பெறகுதான மனுசனா வேலை பாக்குறோம். முன்னாடி குனிஞ்ச இடுப்பு நிமிர விடுவானுகளா? தண்ணி குடிக்கப் போனாலே மொறைப்பானுக.

காளை: இப்ப பின்னால நின்னு கத்தி யாரையும் கூப்பிடக் கூடாது. முன்னால வந்து மொகத்தப் பாத்துத்தான் பேசணும். சாப்பாட்டு மணிக்குச் செவப்பு பல்பு. எந்தப் பட்டறையிலண்ணே நடக்கும் இது?

லாசர்: அந்த பெயிண்டர் பையன் ஜினோவுக்குக் காது கேக்காதுல்ல. நல்ல விசயம்தான.

காளை: சனிக்கெழம சைகை கிளாஸ் வேற! அதுவும் வேலை நேரத்துலயே. மேடமே மொத பெஞ்சுல வந்து உக்காந்துக்கிறாக.

லாசர்: அன்னைக்கு 'பெயிண்ட் அடிச்சாச்சா'ன்னு கேக்கப் போயி, 'பெயிண்ட் குடிச்சாச்சா'ன்னு சைகை காட்டிட்டாக. ஜினோ விழுந்து விழுந்து சிரிச்சான்.

காளை: அவுகளும் சேந்துல்ல சிரிச்சாக! அந்த மனசு யாருக்கு வரும்?

லாசர்: மொதல்ல நாந்தான் தையத்தக்கான்னு குதிச்சேன். ஒரு பயலுக்காக நம்ம அம்புட்டுப் பேரும் கைய ஆட்டணுமான்னு.

காளை: இப்ப கிளாஸுலயே நீங்கதான் மொத ஆளு. ஜினோ ஒங்களுக்குச் சைகையிலயே பேரு வச்சுட்டான், மீசைய முறுக்குற மாதிரி...

லாசர்: ஒனக்குத் தலையில ரெண்டு கொம்பு!

காளை: அவன் மேல அம்புட்டுப் பாசம்ணே ஒங்களுக்கு.

லாசர்: டேய், ஒண்ணு சொல்லணும்.

காளை: என்னண்ணே?

லாசர்: ரோட்டப் பாத்துக்கிட்டுப் பேசாதடா. இங்கிட்டுத் திரும்பு.

காளை: திரும்பிட்டேன். சொல்லுங்க.

லாசர்: பாசமெல்லாம் பெறகு வந்தது. மொதல்ல... நான் எனக்காகத்தான் கத்துக்கிட்டேன்.

காளை: ஒங்களுக்கா?

லாசர்: வலது காது சுத்தமாப் போச்சுடா. இடதும் பாதிதான். நீ பேசுறதையே ஒதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறேன்.

காளை: என்னண்ணே சொல்றீக!

லாசர்: முழிக்காத. நாளைக்கு டெஸ்ட்டுல நான் கையத் தூக்காம உக்காந்திருந்தேன்னு வையி... வேலை போச்சு. நம்மகூட தகரம் அடிச்ச விருமாண்டியப் பழைய மேனேஜர் என்ன பண்ணாரு? கூப்பிட்டது காதுல விழலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாருல்ல. எம்மக ரூத்துக்கு இன்னும் நர்சிங் படிப்பு முடியல. இந்த வயசுல என்னைய வேற எவன் சேப்பான்?

காளை: மேடம் அப்படிச் செய்ய மாட்டாகண்ணே.

லாசர்: அவுக தங்கம்டா. ஆனா அவுகளுக்கு மேல முதலாளி இருக்காரே. நீ சத்தியம் பண்ணு. மேடத்துக்குத் தெரியக் கூடாது.

காளை: சத்தியம்லாம் பண்ண முடியாதுண்ணே.

லாசர்: ஏண்டா?

காளை: திட்டக் கூடாது.

லாசர்: சொல்லித் தொலடா!

காளை: பங்குனியில ஒரு நா, பஸ்ஸு ரிவர்ஸுல வந்துச்சு. நான் கத்துனேன், நீங்க திரும்பல. சட்டையப் பிடிச்சு இழுத்தேனே...

லாசர்: வெயில்ல கிறுகிறுன்னு வந்துச்சுன்னு சொன்னேன்ல.

காளை: சொன்னீக. நான் நம்பல. நேரா மேடத்துக்கிட்டப் போயிச் சொல்லிட்டேன்.

லாசர்: அடப்பாவி! கூடவே டீ குடிச்சுக்கிட்டு... அப்ப இம்புட்டு நாளா அவுகளுக்குத் தெரியுமா?

காளை: முதலாளிக்கும் தெரியும். அவருகிட்ட மேடம் சண்டையே போட்டுட்டாக. 'நம்ம பட்டறைச் சத்தத்துலதான அவரு காது போச்சு? அவருக்குத் தக்கன நாமதான் மாறணும்'னு.

லாசர்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா...

காளை: 'சொன்னாக் கூச்சப்பட்டு வேலைய விட்டு நின்னுருவாரு. எல்லாருக்கும்னு செஞ்சா அவருக்கும் ஆயிரும்'னாக. நாளைக்கு டெஸ்ட்டு வைக்கிறதே காதுக்கு மிஷின் வாங்கித் தரத்தான்.

லாசர்: எனக்காகவாடா...

காளை: கண்ணத் தொடைங்கண்ணே. டீக்கடைக்காரரு பாக்குறாரு.

லாசர்: பாக்கட்டும். இருடா, இரு... பல்பு, கிளாஸு எல்லாம் ஜினோ வந்ததாலதான வச்சாக?

காளை: பங்குனியில ஜினோ எங்கண்ணே இருந்தான்? ஒங்களுக்காகச் சைகை டீச்சரத் தேடித்தான் மேடம் திருப்பரங்குன்றம் போனாக. அந்த டீச்சரம்மா, 'எங்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் நல்லா பெயிண்ட் அடிப்பான், யாருமே வேலை குடுக்கல'ன்னு அழுதிருக்காக... ஒங்க காதாலதாண்ணே ஜினோவுக்கே வேலை கெடச்சுச்சு.