தரை இல்லாத சீட்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு வரவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. எரிச்சலோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஹோட்டல் சீருடையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சேச்சி, ரோலர் கோஸ்டர்ல எனக்குத் தரை இல்லாத சீட்டுதான் பிடிச்சது," என்றாள் இளையவள்.

"பிராந்து பிடிச்சிருக்கா உனக்கு, பைத்தியமே? தரை இல்லாம எப்படி உக்காருவ?"

"சீட்டு மேல இருந்து தொங்கும். கால் அந்தரத்துல ஆடும். முன் சீட்ல முகத்துல வெறும் காத்துதான் அடிச்சது. பின்னாடி பாத்து உக்கார்ற சீட்ல வாந்தி வந்துச்சு. இதுல குனிஞ்சா, ரெண்டு காலுக்கு நடுவுல மரம், குளம், ஆளுங்க எல்லாம் சின்னதா ஓடுது. கத்தவே மறந்துட்டேன்."

"வல்லார்பாடம் துறைமுகத்துல உன் வீட்டுக்காரரும் அப்படித்தானே உக்காந்திருக்காரு?"

"ஆமா. கிரேன் கேபின்ல காலடியில கண்ணாடிதான். கல்யாணம் ஆனதுலருந்து அந்த வேலைய விடச் சொல்லி அழுதுட்டிருந்தேன்."

"இப்போ?"

அவள் காயலின் அக்கரையைக் கைகாட்டினாள்.

"எனக்கு ரெண்டு நிமிஷம் மரமும் குளமும்தான். அவருக்குத் தினமும் கப்பலே காலுக்குக் கீழ நிக்குது, சேச்சி. இறங்கி வாங்கன்னு இனி எந்த வாயால சொல்லுவேன்?"