பதினான்காம் நாள் ஈக்கள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தை அறிந்த மூத்த பேராசிரியர்களே, பெற்ற பிள்ளைகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே, இளையோரே, வணக்கம்!

நாற்பதாண்டு பழ ஈ வளர்த்தவனுக்குக் கேடயம் தருகிறீர்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஈ ஓட்டியே ஓய்வுபெற்றவன் நான்தான். ஆனால் கேடயத்தை வாங்கக் கை கூசுகிறது.

முட்டை ஈயாகிப் பறக்கப் பத்து நாள், சிலவற்றுக்குப் பதினான்கு. ஒரே புட்டி, ஒரே தீனி. ஆயினும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அந்த வேறுபாடு மரபணுவில் இருக்கிறது. அதை ஆராய வந்தவனும் நான், அதை அழித்தவனும் நான்! பத்தாம் நாள் பறந்தவற்றை மட்டும் புதுப்புட்டிக்கு மாற்றுவேன். மிச்சத்தைக் கழுவி ஊற்றச் சொல்வேன். பட்டம் வாங்கும் அவசரம் எனக்கு.

ஈக்களுக்குத் தீனி காய்ச்சும் அக்கா ஒருவர் இருந்தார். "இன்னும் நாலு நாள் விடுங்க சார். பின்னாடி வர்றதும் ஈதானே?" என்றார். அடுப்பை நீங்கள் பாருங்கள், ஆராய்ச்சியை நான் பார்க்கிறேன் என்றேன். அவர் மிச்சப் புட்டிகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாண்டு கழித்து, ஒரு கோடையில் குளிரூட்டி பழுதானது. என் புட்டிகளில் இருந்த ஈக்கள் அத்தனையும் செத்தன. பழியை யார்மேல் போட்டேன்? வெக்கைமேல் போட்டேனா? என்மேல் போட்டேனா? தீனிமேல் போட்டேன்! அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் அவருடைய அலமாரியில், சர்க்கரை டின்னுக்குப் பின்னால், ஒரு புட்டி கிடைத்தது. 'பிந்தி வந்தது' என்று அவர் கையெழுத்து. நான் கழுவச் சொன்னவற்றை அவர் வளர்த்திருக்கிறார். அதே வெக்கை, அதே தீனி. ஈக்கள் உயிரோடு இருந்தன. பிந்தி வந்தவை வெக்கையைத் தாங்கின, தீனியில் குற்றமே இல்லை. அன்றே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை ஐயா, இல்லை! அந்த ஈக்களை வைத்தே பட்டம் வாங்கினேன்.

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். பொறுங்கள் தலைவரே, அவசரப்பட்டுக் கெட்டவன் பேசுகிறேன்.

போன மாதம்தான் அவர் வீட்டைத் தேடிப்போனேன். மகள் கதவைத் திறந்தார். அம்மா இறந்து ஓராண்டு ஆகிவிட்டதாம். "தீனி சரியாத்தான் காய்ச்சினேன்னு கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க சார்" என்றார்.

தொடக்கத்தில் எல்லோரையும் விளித்தேன், ஒருவரை விட்டுவிட்டேன். என் அழைப்பை ஏற்று வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த அக்காவின் மகளே, இந்தக் கேடயம் உங்கள் அம்மாவுடையது. இவ்வளவு பேர் சாட்சியாகச் சொல்கிறேன்: தீனி சரியாகத்தான் இருந்தது. தவறு என்னுடையது.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அக்கா மகளே, உங்களுக்கு என் வணக்கம்.