தியாகராசன் வீட்டுத் தாழ்ப்பாள்

மணி பதினொன்றரை இருக்கும். பாபநாசத்திலிருந்து வயலுக்குள் இறங்குகிற வாய்க்கால்கரை ரோடு. இரண்டு பக்கமும் நடவு முடிந்த சம்பா. வீடு கிடையாது, விளக்கு கிடையாது. தவளைச் சத்தம் மட்டும்...

எல்லோரும் தார்ப்பாய்க்குள் வந்துவிட்டீர்களா? மழை விட்டாலும் காலையில்தான் கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லை எடை போடுவார்கள். தூக்கம் வராதவர்கள் கேளுங்கள். மூஸா, அந்த டார்ச்சை மட்டும் அணைத்துவிடுங்கள்.

என் சினேகிதன் வைரக்கண்ணுவின் அத்தானுக்கு நடந்தது இது. வைரக்கண்ணு இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். ஊர்ப் பக்கம் வருவதே இல்லை. அவன் அக்கா கமலாம்பாளைக் கட்டியவர் தியாகராசன். பட்டாளத்துக்காரர். எண்பத்தேழில் இலங்கைக்குப் போன படையில் இவரும் போனார். தொண்ணூறில் திரும்பி வந்தார். போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, ஒரு ராத்திரி வெளியே சண்டை. பனையோலை வேலிகள் எரிகிற வாசனை. யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே தெரியவில்லை. அப்போது கதவைத் தட்டினார்கள். விரல் முட்டியால் இல்லை... உள்ளங்கையால். “ஐயா, கதவைத் திறவுங்கோ...” ஒரு பெண்ணின் குரல்.

விடிகிற வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. உள்ளே இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். இவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுபோனது. காலையில் வாசலில் என்ன பார்த்தார் என்று வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

ஊருக்கு வந்த பிறகும் தட்டினார்கள். விளக்கை அணைத்ததும் தட்டுவார்கள். கமலாம்பாளுக்கு ஒன்றும் கேட்காது. அவருக்கும் குடித்தால் கேட்காது. அதனால் குடித்தார். மிலிட்டரி ரம் தீர்ந்தால் சாராயம்.

குடியை நிறுத்துகிற இடம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். “மொதல்ல குடிய விடட்டும். மத்ததெல்லாம் தானா போயிரும்” என்றார்கள். குடி இல்லாத ராத்திரிகளில் அவர் போட்ட அலறலைக் கேட்டு மற்ற நோயாளிகள் பயந்துபோனார்கள். சுவரேறிக் குதித்து ஓடிவந்துவிட்டார். பிறகு ஒரு மனநல டாக்டரிடம் போனார்கள். “குடிக்கிறவருக்கு இந்த மாத்திரை குடுக்க முடியாதும்மா. நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க” என்றார் அவர்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வைரக்கண்ணுவிடம் கமலாம்பாள் அழுதாள். “தூங்கணும்னா குடிக்கணுங்குறாரு. குடிய விட்டாத்தான் தூக்கத்துக்கு மருந்துங்குறாங்க. நான் எங்க போயி நிக்கிறது தம்பி?”

கடைசியில் கும்பகோணத்தில் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். தஹ்மீனா என்று பெயர். சின்ன வயசு. “ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா ரெண்டுமே போகாதுங்க. சேத்தே பாப்போம்” என்றார். குடிக்கு மருந்து கொடுத்தார். கூடவே அந்த ராத்திரியைச் சொல்லச் சொன்னார். முதல் தடவை சொன்னபோது தியாகராசன் வாந்தியெடுத்தார். வாளியை டாக்டரம்மாவே பிடித்துக்கொண்டாராம். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும். “அந்தச் சத்தம் வெளிய இல்லைங்க. உங்க ஞாபகத்துல இருக்கு. ஞாபகம் உங்கள ஒண்ணும் பண்ணாது.”

அவர் அதை நம்பினார். நம்பித்தான் தூங்கினார். குடி நின்றது. இருட்டில் தனியாக மடை திறக்கப் போகிற அளவுக்கு ஆள் தேறிவிட்டார்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் டாக்டரம்மா வீட்டுக்காரருக்கு சவூதியில் வேலை கிடைத்தது. அவரும் கிளம்பினார். “பாதியில விடக் கூடாது. வேற யாராச்சும்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வேறு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கடைசியாக அவரைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரிதான் நான் முதலில் சொன்னது. பாபநாசத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வைரக்கண்ணுவின் டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு பேரும் வருகிறார்கள். பாதி வழியில் தவளைகள் நின்றன... எல்லாம் ஒரே நேரத்தில். பனையோலை எரிகிற வாசனை வந்தது. அந்தப் பக்கம் பனைமரமே கிடையாது. வண்டி அணைந்துவிட்டது.

தப்... தப்... தப்.

மரக்கதவில் உள்ளங்கை விழுகிற சத்தம். சுற்றிலும் தண்ணீர் நிற்கிற வயல். தட்டுவதற்கு ஒரு பலகைகூட இல்லை.

வைரக்கண்ணுதான் முதலில் கேட்டான். “அத்தான்... யாரு அது, கதவத் தட்டுறது?”

தியாகராசன் அவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். “ஒனக்குமா மாப்ள கேக்குது?”

அவன் தலையாட்டினான். அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப... அது என் ஞாபகம் மட்டும் இல்ல. வெளியதான் நிக்கிறாங்க.”

மறுநாளே குடி ஆரம்பித்தது. ஆனால் இப்போது குடித்தாலும் கேட்டது. ராத்திரி முழுக்கக் கதவில் சாய்ந்து, தாழ்ப்பாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கமலாம்பாள் கெஞ்சுவாள். “வந்து படுங்க, வெளிய யாரும் இல்ல.” அவர் அசையமாட்டார். தை பிறப்பதற்குள் அப்படியே செத்துக் கிடந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தாழ்ப்பாளிலிருந்து எடுக்க முடிந்தது.

காரியம் முடிந்த ராத்திரி வைரக்கண்ணு அக்காவுக்குத் துணையாக அங்கேயே படுத்துக்கொண்டான். நடுவில் குளிர்காற்று முகத்தில் அடித்து விழித்துக்கொண்டான். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் வரிசையாக வாழையிலை. கமலாம்பாள் குனிந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருக்குக்கா இவ்வளவு?”

“அவருக்குத்தான் தொறக்கத் தைரியம் வரல தம்பி. நான் தொறந்துட்டேன்.”

“யாருக்கா வந்திருக்கா?”

அவள் வாயில் விரல் வைத்தாள். “மெதுவாப் பேசு. எல்லாம் சின்னப் புள்ளைங்க... பயந்துக்கும்.”

கூடத்தில் யாரும் இல்லை. வைரக்கண்ணு இலைகளைப் பார்த்தான். ஒவ்வொரு இலையிலும் சோறு குறைந்துகொண்டிருந்தது... கொஞ்சம் கொஞ்சமாக, சின்னக் கை அள்ளுகிற அளவுக்கு.