தேய்க்காமல் கொண்டுவந்த கல்

என் பெயர் ராக்கப்பன். தகப்பனார் பெயர் சங்கையா. வயது 28. சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் லேபிள் படங்களை அச்சுக் கல்லில் வரையும் வேலை பார்க்கிறேன். இன்று, 1959 டிசம்பர் 15ஆம் தேதி காலை, நானாகவே நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

சென்ற வைகாசியில் எனக்கும் அச்சங்குளம் மாரித்தாய்க்கும் கல்யாணம் நடந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணியில் நான் போய்க் கூட்டிவந்திருக்க வேண்டும். தீபாவளி சீசன், அப்புறம் காலண்டர் சீசன் என்று முதலாளி விடவில்லை. இரண்டு தடவை பஸ் ஏறப்போன என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டார்.

அப்போது முகம் வெளுக்கப் பூசும் ஸ்நோ ஒன்றுக்கு டப்பி லேபிள் ஆர்டர் வந்தது. பெண்முகம் கேட்டார்கள். நான் மாரித்தாயை வரைந்தேன். அவளைப் பார்க்காத ஏக்கத்தில் முகம் பெரிதாகிவிட்டது. "பாதரசம் சேர்ந்தது, தினமும் பூசலாகாது" என்று கீழே போடச் சொல்லியிருந்த எச்சரிக்கை வரிக்கு இடமில்லை. முதலாளியிடம் கேட்டதற்கு, "அந்த வரிய எடுத்துருலே. அத எவன் படிக்கான்" என்றார். முகத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. வரியை விட்டது என் கைதான்.

அதன் பிறகு, மாதிரிக்கு வந்த டப்பிகளில் இரண்டை, வாரச் சந்தைக்கு வரும் மச்சினன் பெத்தணனிடம் அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசுவார்கள் என்ற மட்டுக்குத்தான் எனக்குத் தெரியும், அது உடம்பில் இறங்கும் என்று தெரியாது. அடுத்த வாரம் அவன், "மச்சான், அக்கா காலையிலயும் ராத்திரியும் பூசுதா. நீங்க பக்கத்துல இருக்காப்புல இருக்காம். இன்னும் ரெண்டு கேட்டா" என்றான். அனுப்பினேன். ஐப்பசியில் வந்தபோது, "அக்காவுக்கு முகமும் காலும் ஊதியிருக்கு, உண்டாயிருக்கான்னு ஆத்தா சொல்லுது" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, அவனிடம் மேலும் மூன்று டப்பி கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு கார்த்திகையில் ஈறெல்லாம் புண்ணாகி, கை நடுங்கி, நீர் பிரியாமல் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகத் தகவல் கிடைத்து ஓடினேன். வயிற்றில் பிள்ளை இல்லை, ஸ்நோவிலிருந்த பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது, அதனால் வந்த வீக்கம்தான் என்று டாக்டர் சொன்னார். மாரித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பக் கூட்டிட்டுப் போவீக" என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். மறுநாள் காலை இறந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்று வேலைக்குப் போனேன். விசாரணை வருமுன் அந்தக் கல்லைத் தேய்த்துவிடும்படி முதலாளி சொன்னார். வேலை முடிந்த கல்லை மணல் போட்டுத் தேய்த்து அடுத்த படத்துக்கு எடுப்பது வழக்கம். மணலும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மாரித்தாயைப் போட்டோ எடுத்ததில்லை. காகிதத்தில் நேராக விழுவதற்காகக் கல்லில் படம் இடவலம் மாறித்தான் இருக்கும், மூக்குத்திகூட மறுபக்கம் இருக்கிறது, இருந்தாலும் அவள்தான். இன்று கல்லைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து ஒப்படைத்திருக்கிறேன். அந்த வரி இல்லாததும் அதில் தெரியும்.

எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சம்மதம். கடைகளில் இருக்கும் டப்பிகளைப் பறிமுதல் செய்து, லேபிளோடு எரித்துவிட வேண்டும். இன்னொருத்தி அதைப் பூசக் கூடாது. கல்லை மட்டும் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். தேய்த்துவிடுவார்கள்.

எழுதியதை ஏட்டையா வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் கிடையாது.

(ஒப்பம்) ச. ராக்கப்பன்